பாட்டின் ஏற்ற இறக்கம் கெடாமல் ஒலியைக் கூட்ட ஒரு கருவி: கொட்டெல்னிகோவ் கம்ப்ரஸர்

டோக்கியோ டான் லேப்ஸ் இலவசமாகத் தரும் கொட்டெல்னிகோவ் என்னும் கம்ப்ரஸர் பிளக்-இன்னை (ஒலி உரக்கும் இடங்களை அழுத்தும், பதிவு மென்பொருளுக்குள் இயங்கும் துணைநிரலை) மூன்று ஆண்டுகளாக, ஏறக்குறைய வாரந்தோறும், பயன்படுத்தி வருகிறேன். என் தங்கை கர்நாடக இசை பாடுகிறவள். மாடியில் ஓர் அறையில் சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, கனமான திரைச்சீலை போட்டு எதிரொலியை ஓரளவு அடக்கி, அவள் பாட்டையும் அவளுக்கு வாசிக்கும் மிருதங்கக்காரரின் வாசிப்பையும் இரண்டு கண்டென்சர் மைக்குகளில் பதிவு செய்து, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிக்ஸ் செய்து இணையத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. இந்த மதிப்புரை முழுவதும் அந்த வேலையில் கண்டதை வைத்தே எழுதப்படுகிறது. சினிமாப் பாட்டுக்கும் எலக்ட்ரானிக் இசைக்கும் தேவைகள் வேறு.

கம்ப்ரஸர் என்றாலே எனக்கு அச்சமாக இருந்த காலம் உண்டு. அதற்குக் காரணம் எங்கள் முதல் பதிவு. ஒரு தோடி ராக ஆலாபனையும் அதைத் தொடர்ந்து ஒரு கீர்த்தனையும் கொண்ட அந்தப் பதிவை மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பு, செய்து தரும்படி வெளியே ஓரிடத்தில் கொடுத்தோம். திரும்பி வந்த கோப்பை முதல் தடவை கேட்டபோது, நல்ல எடுப்பாக இருக்கிறதே என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். மறுநாள் ஹெட்ஃபோனில் கேட்டபோதுதான் குறை புலப்பட்டது. தங்கை ஒரு சங்கதியை முடித்து மூச்செடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் தம்பூரா மேலே எழும்பி வந்தது. அவள் அடுத்த சங்கதியைத் தொட்டதும் அது பதுங்கிக்கொண்டது. தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே நிலையில் நிற்க வேண்டிய சுருதி இப்படி ஏறி இறங்கினால் ஆலாபனைக்கு ஆதாரமே இல்லாமல் போகிறது. மந்த்ர (கீழ்) ஸ்தாயியில் அவள் குரலைத் தாழ்த்திப் பாடியதும் தார (மேல்) ஸ்தாயியில் நின்று பாடியதும் ஒரே உயரத்தில் கேட்டன. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழும் 'நம்' என்ற சொல் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் இருந்தது. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதிவை இன்றுவரை அவள் யாருக்கும் அனுப்பவில்லை.

அந்தக் கோப்பை யூலீன் லவுட்னஸ் மீட்டர் என்னும் இலவச அளவுமானியில் போட்டுப் பார்த்தேன். முழுப் பதிவின் சராசரி உரப்பு மைனஸ் 8 எல்.யூ.எஃப்.எஸ். (உரப்பின் அலகு; எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க உரப்பு கூடும்) என்று காட்டியது. இந்த அளவீட்டு முறையைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் மேலே எழுதுவது விளங்கும். ஒலி அலையின் உச்சம் எவ்வளவு என்று காட்டும் மீட்டர், அந்த ஒலி காதுக்கு எவ்வளவு உரப்பாகப் படுகிறது என்பதைக் காட்டாது. மிருதங்கத்தின் ஓர் அடி ஒரு கணம் மட்டுமே உச்சத்தைத் தொடும்; தொடர்ந்து நிற்கும் 'ஆ' என்ற அகாரம் அதே உச்சத்தைத் தொடாமலேயே காதை நிறைக்கும். இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் பி.எஸ். 1770 என்ற அளவீட்டு முறையை வெளியிட்டது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் அதை அடிப்படையாகக் கொண்டு ஆர் 128 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்தது. இம்முறையில் தாழ்ந்த கனத்த அதிர்வெண்கள் குறைவாகவும், காது கூர்மையாக உணரும் மேல் பகுதிகள் சற்றுக் கூடுதலாகவும் கணக்கிடப்படுகின்றன. அமைதியான இடங்கள் சராசரியைக் கீழே இழுத்துவிடாதபடி, சராசரியைவிட 10 அலகு தாழ்ந்த பகுதிகள் கணக்கிலிருந்து விலக்கப்படுகின்றன. தொடக்கத்தில் அரை நிமிடம் தம்பூரா மட்டும் ஒலிப்பது இதனால் நம் அளவைக் கெடுப்பதில்லை.

இனி அந்த மைனஸ் 8க்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். ஸ்பாட்டிஃபை தன் இயல்பான அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அளவுக்குக் கொண்டுவருகிறது, ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16ஐ இலக்காகக் கொள்கிறது, யூடியூப் உரத்ததைக் குறைக்கிறது, மெல்லியதைக் கூட்டுவதில்லை. ஆகவே எங்கள் பதிவு ஸ்பாட்டிஃபையில் 6 டெசிபெல் குறைக்கப்பட்டே ஒலித்தது. எடுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக மிருதங்கத்தையும் குரலின் ஏற்ற இறக்கத்தையும் பலி கொடுத்தோம். எடுப்பைத் தளம் திருப்பி எடுத்துக்கொண்டது. இழந்தவை மட்டும் இழந்தவையாகவே நின்றன. 6 டெசிபெல் குறைந்த பின் மிருதங்கத்தின் உச்சம் மைனஸ் 7க்குக் கீழே போய்விட்டதால், பக்கத்தில் ஒலிக்கும் எந்தப் பதிவோடு ஒப்பிட்டாலும் அது உயிரற்றுக் கேட்டது.

அப்படியானால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் அடுத்த பதிவைக் கம்ப்ரஸரே இல்லாமல் ஏற்றினேன். அதன் சராசரி உரப்பு மைனஸ் 24, உச்சம் மைனஸ் 3. ஸ்பாட்டிஃபை மெல்லிய பாட்டைக் கூட்டும் என்றாலும், உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தொடும் வரைதான் கூட்டும். ஆகவே எங்கள் பதிவை அது 2 டெசிபெல் மட்டும் ஏற்றி மைனஸ் 22இல் நிறுத்தியது. மற்றப் பாட்டுகளுக்கு நடுவே 8 டெசிபெல் தாழ்ந்து ஒலிக்கும் ஆலாபனையைப் பேருந்திலோ சமையலறையிலோ யாராலும் கேட்க முடியாது. கூட்ட விடாமல் தடுத்தது குரல் அல்ல, மிருதங்கத்தின் ஒரு சில உச்சங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த உச்சங்களைச் சற்றே தணித்து, குரலின் ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவைக்கும் கம்ப்ரஸர் ஒன்று தேவைப்பட்டது. கொட்டெல்னிகோவ் அந்தத் தேவைக்கென்றே செய்ததுபோல் அமைந்திருப்பதுதான் இதை எழுத எனக்குக் காரணம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ரஷ்ய அறிவியலாளர் விளாதிமிர் கொட்டெல்னிகோவ் 1933இல் சாம்பிளிங் தேற்றத்தை முன்வைத்தவர். தொடர்ச்சியான ஓர் அலையை இடைவெளி விட்டு அளந்தாலும், போதிய அடர்த்தியில் அளந்தால், முழுமையாக மீட்க முடியும் என்று நிறுவியவர். கணினியில் நாம் ஒலிப்பதிவு செய்வதன் அடித்தளம் அதுதான். அதே 1933இல்தான், மனிதக் காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரப்பாக உணர்கிறது என்ற ஃப்ளெட்சர், மன்சன் ஆகியோரின் ஆய்வும் வெளிவந்தது. ஒரு கம்ப்ரஸரை வைத்து வேலை செய்கிறவர் இந்த மூன்று பேருக்கும் கடன்பட்டவர். டோக்கியோ டான் லேப்ஸ் இதை எந்தப் பழைய கருவியின் நகலாகவும் செய்யவில்லை; பெயரைப் பார்த்துப் பழைய ரஷ்ய வால்வுக் கருவியின் சாயல் இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். ஒலிக்கு நிறம் ஏற்றாமல், தான் இருப்பதே தெரியாமல் வேலை செய்வதுதான் இதன் குறிக்கோள்.

பெரும்பாலான கம்ப்ரஸர்களில் ரிலீஸ் என்ற குமிழ் ஒன்றுதான் இருக்கும். ஒலி த்ரெஷோல்டை, அதாவது நாம் வைக்கும் எல்லையை, தாண்டியதும் கம்ப்ரஸர் அதை அழுத்துகிறது. தாண்டிய ஒலி அடங்கியதும் எவ்வளவு நேரத்தில் கையை எடுக்க வேண்டும் என்பதை ரிலீஸ் தீர்மானிக்கிறது. எங்கள் இசையில் இந்த ஒற்றைக் குமிழ் தீராத தொல்லை. மிருதங்க அடி கண நேரத்தில் முடிந்துவிடுவதால் கம்ப்ரஸர் உடனே கையை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் பின்னால் குரல் அமுங்கும். குரலுக்கோ அது மெதுவாகக் கையை எடுக்க வேண்டும். தோடியின் காந்தார ஸ்வரத்தில் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, நொடிக்கு நான்கைந்து முறை அசைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அசைவு ஏறத்தாழ 200 மில்லிசெகண்டு. ரிலீஸ் 50, 60 மில்லிசெகண்டாக இருந்தால் கம்ப்ரஸர் அந்த அசைவின் உள்ளேயே புகுந்து, குரல் எழும்போதெல்லாம் அழுத்தி, தாழும்போதெல்லாம் தூக்கிவிடும். சுருதி அசையும், ஆனால் அந்த அசைவுக்குத் துணையாக வரும் ஒலியின் அசைவு அழிந்துவிடும். கமகம் தட்டையாகக் கேட்பதற்கு இது ஒரு காரணம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதங்கள் ஆயின.

கொட்டெல்னிகோவில் இரண்டு ரிலீஸ் குமிழ்கள் உள்ளன. ஒன்று திடீரென்று எழுந்து மறையும் உச்சங்களுக்கு, மற்றொன்று சராசரியாக நீடித்து நிற்கும் ஒலிக்கு. உள்ளே இரண்டு உணரிகள் ஒரே நேரத்தில் ஒலியைக் கவனிக்கின்றன; மிருதங்க அடியை ஒன்று பிடிக்கிறது, நீளும் அகாரத்தை மற்றொன்று பிடிக்கிறது. நான் உச்சத்துக்கான ரிலீஸை 30 மில்லிசெகண்டு அருகிலும், சராசரிக்கான ரிலீஸை 500 மில்லிசெகண்டுக்கு மேலும் வைக்கிறேன். பின்னது கமகத்தின் ஓர் அசைவைவிட இரண்டரை மடங்கு நீளமானது. ஆகவே கம்ப்ரஸர் அசைவைப் பின்தொடர முயலாமல், சங்கதியின் மொத்த எழுச்சியை மட்டும் மெல்லத் தாங்கிக்கொள்கிறது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்த அன்று, பழைய பதிவின் மிக்ஸையே திறந்து, வெளியே கொடுத்து வாங்கிய கோப்போடு ஒப்பிட்டுக் கேட்டோம். தம்பூரா அசையாமல் நின்றது. என் தங்கை அந்தக் காந்தாரத்தை மூன்று முறை திருப்பித் திருப்பிப் போடச் சொன்னாள்.

இந்த இரண்டு உணரிகளுக்கும் இடையே எதற்கு முதன்மை என்பதைப் பீக் க்ரெஸ்ட் என்ற குமிழ் முடிவு செய்கிறது. அதைக் குறைத்தால் உச்சங்களின் மேல் கவனம் கூடும். கூட்டினால் சராசரி ஒலிதான் கருவியை இயக்கும். மிருதங்கம் இல்லாத ஆலாபனைக்கும் மிருதங்கம் உள்ள கீர்த்தனைக்கும் ஒரே அமைப்பு பொருந்தாது என்பதால், நான் இரண்டையும் தனித்தனி டிராக்காக வெட்டி, ஆலாபனைக்கு இந்தக் குமிழைக் கூட்டியும் கீர்த்தனைக்குக் குறைத்தும் வைக்கிறேன். எல்லை தாண்டிய ஒலியை எத்தனை மடங்கு குறைப்பது என்னும் ரேஷியோ எப்போதும் 2க்கு 1ஐத் தாண்டுவதில்லை, பெரும்பாலும் ஒன்றரைதான். அழுத்தம் காட்டும் மீட்டர் குரலுக்கு ஒன்றிரண்டு டெசிபெல், மிருதங்க அடிக்கு மூன்று டெசிபெல் அளவில் ஆடினால் போதும். அட்டாக்கை (கருவி அழுத்தத் தொடங்கும் நேரத்தை) மட்டும் மிக வேகமாக வைத்துவிடக் கூடாது. வலந்தலையில் விரல் பட்ட முதல் சில மில்லிசெகண்டுகளில்தான் 'நம்' என்ற சொல்லின் கூர்மை இருக்கிறது. அதை விட்டுவிட்டு அதன் பின்னுள்ள உடலைப் பிடிக்க வேண்டும்.

தொப்பியை, அதாவது மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலை, பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுப் பதிவில் மிகுந்த தவறு நடக்கும் இடம் அதுதான். ரவையைப் பிசைந்து தடவிய இடந்தலையில் எழும் 'தொம்' கனமானது. அளவுமானி அதைப் பெரிதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது, காதும் அப்படித்தான். ஆனால் கம்ப்ரஸரின் உணரிக்கு அந்த வேற்றுமை தெரியாது. மின்னளவில் பெரியது எதுவோ அதற்கெல்லாம் அது அசையும். ஆகவே மிருதங்கக்காரர் ஒரு கும்கி, அதாவது இடந்தலையில் அழுத்தி எழுப்பும் கனத்த ஒலி, கொடுத்ததும், அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத குரல் ஒரு கணம் பின்வாங்கும். என் பழைய மிக்ஸ்களில் இந்தக் குறை நிறைய உண்டு. கேட்பவர்களுக்கு என்னவோ உறுத்தும், ஆனால் எதுவென்று சொல்லத் தெரியாது. கொட்டெல்னிகோவில் லோ ஃப்ரீக்வென்ஸி ரிலாக்ஸ் என்ற பகுதி இதற்காகவே உள்ளது. இது வெளிவரும் ஒலியின் கனத்தைக் குறைப்பதில்லை. உணரி கேட்கும் ஒலியில் மட்டும் தாழ்ந்த பகுதியை மட்டுப்படுத்துகிறது. 100 ஹெர்ட்ஸ் அருகில் அதை வைத்ததும் 'தொம்' முழுக் கனத்தோடு ஒலித்தது, குரல் அசையவில்லை. இதைப் போன்ற வடிகட்டி வேறு பல கம்ப்ரஸர்களிலும் உண்டு என்றாலும், இங்கே எவ்வளவு மட்டுப்படுத்த வேண்டும் என்பதையும் நாமே மெல்ல ஏற்றி இறக்கலாம்.

இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பொத்தான் டெல்டா. அதை அழுத்தினால் கம்ப்ரஸருக்கு முன்னும் பின்னும் உள்ள ஒலிகளுக்கு இடையிலான வேறுபாடு மட்டும், அதாவது நாம் எதை எடுத்துவிடுகிறோமோ அது மட்டும், கேட்கும். போன மாதம் ஒரு கீர்த்தனையின் சரணத்தில் இதைப் பயன்படுத்தியது நினைவில் இருக்கிறது. மீட்டரைப் பார்த்தால் மூன்று டெசிபெல்தான். எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்தேன். டெல்டாவை அழுத்தியதும், மிருதங்கத்தின் சொடுக்குகள் மட்டும் கேட்க வேண்டிய இடத்தில், சாகித்தியத்தின் சொற்களே தெளிவாகக் கேட்டன. வல்லெழுத்துகள் ஒவ்வொன்றும் உடைந்து உடைந்து வந்தன. பாட்டில் சொல்லுக்கு அழுத்தம் கொடுத்துத் தங்கை உச்சரித்ததை நான் எடுத்து எறிந்துகொண்டிருந்தேன். த்ரெஷோல்டை இரண்டு டெசிபெல் மேலே ஏற்றி, பீக் க்ரெஸ்டைச் சற்றுக் குறைத்தேன். டெல்டாவில் சொற்கள் மறைந்தன. வலந்தலை மட்டும் 'டிக், டிக்' என்று எஞ்சியது. வேறு எந்த முறையிலும் இவ்வளவு விரைவாக அந்தத் தவறு எனக்குப் பிடிபட்டிருக்காது. கம்ப்ரஸரைக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும், இந்த ஒரு பொத்தானுக்காகவே இதை இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்டீரியோ பற்றிய குமிழ்களும், அழுத்திய ஒலியோடு அழுத்தாத ஒலியைக் கலக்கும் ட்ரை மிக்ஸும் இருக்கின்றன. குரல் நடுவிலும் மிருதங்கம் சற்று வலப்புறத்திலும் இருக்கும் எங்கள் எளிய மிக்ஸுக்கு அவற்றின் தேவை அதிகம் எழவில்லை.

ஆனால் இந்தக் கருவியை நம்பி முதல் வேலையைக் கைவிட்டுவிடக் கூடாது. முதல் வேலை கையால் செய்வது. தங்கை மைக்குக்கு அருகில் வந்து பாடிய சங்கதி, தலையைத் திருப்பிக்கொண்ட அடி, அனுபல்லவியில் எட்டிப் பிடித்த தார ஸ்தாயிப் பஞ்சமம் ஆகியவற்றை ரீப்பரின் வால்யூம் என்வலப்பில் (ஒலியளவை இடத்துக்கு இடம் மாற்றும் கோட்டில்) ஒவ்வொன்றாக இரண்டு டெசிபெல், மூன்று டெசிபெல் என்று ஏற்றி இறக்கிவிட்டுத்தான் கம்ப்ரஸரிடம் அனுப்புகிறேன். பத்து நிமிடப் பாட்டுக்கு இதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. எது பாடகியின் விருப்பம், எது மைக்கின் விபத்து என்று பிரித்தறியும் காது எந்தக் கம்ப்ரஸருக்கும் கிடையாது. மந்த்ர ஸ்தாயியில் குரல் தாழ்வது விருப்பம். தலை திரும்பியதால் தாழ்வது விபத்து. இரண்டையும் கருவி ஒன்றாகவே நடத்தும். விபத்துகளை நாம் முன்பே சரி செய்துவிட்டால் கருவிக்கு எஞ்சுவது சிறு வேலைதான், அந்தச் சிறு வேலையைத்தான் கொட்டெல்னிகோவ் மிக நன்றாகச் செய்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, இலவசப் பதிப்பில் கருவியை நிறுத்திப் போட்டுப் பார்க்கும்போது இரண்டு ஒலிகளையும் ஒரே உரப்பில் ஒப்பிடும் வசதி இல்லை. அது விலை கொடுத்து வாங்கும் ஜி.இ. பதிப்பில்தான் இருக்கிறது. இதைச் சிறிய குறையாக நான் எண்ணவில்லை. ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது எப்போதும் 'இதுதான் நன்றாக இருக்கிறது' என்றே சொல்லும். எங்கள் முதல் பதிவைக் கேட்டு நாங்கள் மகிழ்ந்ததும் அந்த மயக்கத்தில்தான். இதற்கு மாற்றாக நான், கொட்டெல்னிகோவுக்குப் பின்னால் யூலீன் மீட்டரை வைத்து, கருவி இயங்கும்போதும் இயங்காதபோதும் ஒரே பகுதியின் உரப்பு ஒன்றாக இருக்கும்படி மேக்கப் கெயினை, அதாவது அழுத்திய பின் ஒலியைக் கூட்டும் அளவை, சரிசெய்துகொள்கிறேன். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் தெரியாதவர்கள் ஏமாறுவார்கள். இரண்டாவது, முகப்பு முதல் பார்வைக்கு நெருக்கமாக இருக்கிறது. பீக் க்ரெஸ்ட் போன்ற பெயர்கள் வேறெங்கும் பழகாதவை. குமிழைத் திருப்பிப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்று உட்கார்ந்தால் ஒரு மாலை வீணாகும், கையேட்டைப் படித்தே ஆக வேண்டும். மூன்றாவது, ஒலியில் ஒரு வெதுவெதுப்பும் தடிப்பும் வேண்டும் என்று கம்ப்ரஸரை நாடுகிறவர்களுக்கு இது ஒன்றும் கொடுக்காது.

இது லிமிட்டரும் அல்ல. கடைசியில் உச்சம் மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் காக்கத் தனியாக ஒரு லிமிட்டர் தேவை. ரீப்பரோடு வரும் ரியாலிமிட் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. அதில் ட்ரூ பீக் அளவைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சாம்பிள்களுக்கு இடையே எழும் உச்சங்கள் சாதாரண மீட்டருக்குத் தெரியாமல், எம்.பி.3 போன்ற சுருக்கப்பட்ட வடிவத்துக்கு மாற்றும்போது வெளிப்பட்டு ஒலியைக் கிழிக்கும். லிமிட்டர் இரண்டு டெசிபெல்லுக்கு மேல் வேலை செய்யும்படி விட்டால், கொட்டெல்னிகோவில் காப்பாற்றிய வலந்தலை இங்கே போய்விடும். நானும் ஒருமுறை அப்படி விட்டுவிட்டுப் பிறகு வருந்தியிருக்கிறேன்.

அண்மையில் முடித்த பதிவின் எண்களைத் தருகிறேன். இதே போன்ற இசையைப் பதிவு செய்கிறவர்களுக்கு ஓர் அளவுகோலாகப் பயன்படலாம். மிக்ஸ் செய்து முடித்தபோது சராசரி உரப்பு மைனஸ் 24, உச்சம் மைனஸ் 3. இரண்டுக்கும் இடையே 21 டெசிபெல். கொட்டெல்னிகோவில் மிருதங்க உச்சங்கள் மூன்று டெசிபெல்லும் லிமிட்டரில் இன்னும் இரண்டு டெசிபெல்லும் தணிந்தன. இறுதிக் கோப்பில் சராசரி மைனஸ் 17, உச்சம் மைனஸ் 1; இடைவெளி 16 டெசிபெல். ஸ்பாட்டிஃபை இதைக் கூட்டாமல் அப்படியே விடும், ஆகவே மற்றப் பாட்டுகளைவிட 3 டெசிபெல் தாழ்ந்து ஒலிக்கும். முன்பிருந்த 8 டெசிபெல் தாழ்வோடு ஒப்பிட்டால் இது பெரிய குறையே இல்லை. அதற்கும் மேலே ஏற்றி மைனஸ் 14ஐத் தொட்டுவிடலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்த மூன்று டெசிபெல்லை மிருதங்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

உரப்பின் வீச்சு என்று அளவுமானி காட்டும் மற்றோர் எண்ணையும் பார்க்கச் சொல்வேன். பதிவில் மிகத் தாழ்ந்த 10 விழுக்காட்டையும் மிக உரத்த 5 விழுக்காட்டையும் விட்டுவிட்டு, எஞ்சியவற்றில் தாழ்ந்ததற்கும் உயர்ந்ததற்கும் எவ்வளவு தொலைவு என்று அது சொல்கிறது. எங்கள் ஆலாபனைக்கு அது கம்ப்ரஸருக்கு முன் 12, பின் 11. மந்த்ர ஸ்தாயி தாழ்ந்தே இருக்கிறது, தார ஸ்தாயி எழுந்தே நிற்கிறது என்பதற்கு அந்த எண் சாட்சி. வெளியே கொடுத்து வாங்கிய முதல் கோப்பில் அது 4 என்று இருந்தது.

விலைப் பதிப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதிர்வெண்ணுக்கு ஏற்ப ரேஷியோவை மாற்றும் வசதியும், நான் மேலே சொன்ன சம உரப்பு ஒப்பீடும் அதில் கிடைக்கின்றன. பிறருடைய பதிவுகளைக் கூலிக்கு மிக்ஸ் செய்கிறவர்களுக்கு அந்த ஒப்பீட்டு வசதி ஒன்றே பணத்துக்கு ஈடாகும். வீட்டில் ஒரு பாடகிக்கும் ஒரு மிருதங்கத்துக்கும் இலவசப் பதிப்பே நிறைவாக இருக்கிறது. விண்டோஸிலும் மேக்கிலும் இயங்குகிறது, என்னுடைய பழைய மடிக்கணினியையும் அது திணற வைக்கவில்லை. நிறுவியதும் எந்தக் குமிழையும் தொடுவதற்கு முன்னால், உங்கள் பதிவில் மிருதங்கம் அல்லது தபலா ஓங்கி ஒலிக்கும் அரை நிமிடத்தைச் சுழற்சியில் ஓடவிட்டு, டெல்டாவை அழுத்திக்கொண்டு, த்ரெஷோல்டை மேலிருந்து மெல்லக் கீழே இறக்குங்கள். முதலில் தாளத்தின் சொடுக்குகள் தோன்றும். குரலில் ஒரு சொல் கேட்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு டெசிபெல் மேலே திரும்புங்கள்.